ஆப்பிள் மரத்தில் ஏழு உருண்டைகள்

கடைசல் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நண்பர்களே, உளியை எப்படிப் பிடிப்பது, சாணை எப்படிப் போடுவது என்றெல்லாம் நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். அதெல்லாம் கை பழகினால் வந்துவிடும். வராவிட்டால் விரலில் இரண்டு தழும்பு வாங்கிய பிறகு வந்துவிடும். நான் எழுதப் போவது ஒரு பிழையைப் பற்றி. நானே செய்தது. அதற்கு இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். கோயம்புத்தூரில் எங்களுக்கு லேத் பட்டறை இருந்தது. பம்புசெட்டுக்குச் சுழல்கிற ஷாஃப்ட், அதன்மேல் ஏறுகிற புஷ் வளையம், இந்த மாதிரி சாமான்கள் கடைந்து கொடுப்போம். எங்கள் ஊரில் லேத் என்றால் இரும்புதான். லேத்தில் மரத்தை மாட்டுவார்கள் என்று யாராவது சொன்னால், தொட்டில் கம்பு கடைகிறவனைச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மனைவி சுமதிக்கு மன்ஹாட்டனில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. பக்கத்து மாநிலம் நியூஜெர்சியில், எடிசன் என்ற ஊரில் வீடு எடுத்தோம். காலையில் அவள் ரயிலுக்கு ஓடுவாள். நான் குக்கர் விசில் எண்ணுவேன். விசாவில் நான் அவளைச் சார்ந்து வந்த டிபென்டன்ட், வேலை செய்யக் கூடாது. நம்மூர்க் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறி வாங்கப் போனால், தெரிந்த அங்கிள்கள் "என்னப்பா கதிர், இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். "வத்தக்குழம்பு அங்கிள், வாங்க சாப்பிடலாம்" என்று நானும் சிரித்துவிட்டு வருவேன். உள்ளே எரியும்.

வேலைக்கான அனுமதி வந்த வாரமே கிளம்பிவிட்டேன். வீட்டிலிருந்து இருபது நிமிஷ டிரைவில் ஒரு நீளமான தகரக் கொட்டகை. வாசலில் 'லேத் ஆள் தேவை' என்று கையால் எழுதிய பலகை. உள்ளே போனால் ஆறு லேத், எல்லாவற்றிலும் மரம். வருஷம் முழுக்கக் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுகிற அலங்காரச் சாமான் செய்கிற பட்டறை அது. உருண்டை, மணி, கூரையிலிருந்து தொங்கும் பனிக்கட்டி மாதிரி நீளமான கூர், விரல் அளவு பறவைக்கூடு. ஆகஸ்ட் வெயிலில் எல்லோரும் கிறிஸ்துமஸுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். சிரிப்புதான் வந்தது. ஆனால் லேத் சுற்றுகிற சத்தம் காதில் விழுந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்துக் கேட்கிறேன் அல்லவா.

பட்டறைக்கு முதலாளி ஓர் அம்மாள். என் வயதுதான். தன் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார், ஆகவே முதலாளியம்மா என்றே வைத்துக்கொள்வோம். அதிகம் பேசமாட்டார். ஆனால் இரண்டு வழக்கங்களை மட்டும் விடமாட்டார்.

ஒன்று, எடை. பட்டறைக்குள் வரும் ஒவ்வொரு மரத்துண்டையும் தராசில் வைத்து, எடையைப் பென்சிலால் அதன்மேலேயே எழுத வேண்டும். சில நாள் கழித்து மறுபடி எடை போட வேண்டும். எடை குறைந்துகொண்டே போனால் மரத்துக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. எடை நின்றால்தான் மரம் காய்ந்தது. இரண்டாவது, சீட்டு. ஒருவர் தன் வீட்டு மரத்தைக் கொண்டுவந்து அதில் அலங்காரம் செய்யச் சொன்னால், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சின்னச் சீட்டு வைக்க வேண்டும். இது என்ன மரம், எங்கே நின்றது என்று கடைந்தவரே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

சீட்டு எனக்குப் பிடித்திருந்தது. எடைதான் பிடிக்கவில்லை. மரத்தைத் தராசில் வைக்க இதென்ன புளி வியாபாரமா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். என்னிடம் மயிரிழைக் கனத்தையும் அளக்கிற மைக்ரோமீட்டர் இருந்தது. வேட்டியில் சுற்றி, கைப்பெட்டியில் வைத்து ஊரிலிருந்து கொண்டு வந்தது. ஒன்றுக்குள் ஒன்று பொருத்துவதில் எங்கள் பட்டறைக்குப் பெயர் உண்டு. ஷாஃப்டில் புஷ்ஷைத் தட்டி ஏற்றினால் மறுபடி கழற்ற நீங்கள் கெஞ்ச வேண்டும். அதே வித்தையை இங்கே காட்டினேன். உள்ளே குடைந்த உருண்டையின் அடியில் ஓர் ஓட்டை, அதில், கீழே தொங்குகிற கூர்முனையின் காம்பு. நான் பொருத்தினால் தலைமுடி போக இடம் இருக்காது. பக்கத்து லேத்துக்காரர்கள் வந்து வாங்கிப் பார்த்து விசில் அடித்தார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது என்று சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

செப்டம்பரில் கரோல் என்ற பெண்மணி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் தொடை பருமனுக்கு ஒரு கிளைத்துண்டு. இவர் குடும்பத்தோடும் பட்டறையிலும் நடந்த பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். என் அந்தக்கால ஆங்கிலத்தை அப்படியே எழுதினால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள் என்பதால் தமிழிலேயே தருகிறேன்.

"இது எங்க வீட்டு ஆப்பிள் மரம்" என்றார். "நாங்க ஏழு பிள்ளைங்க. எல்லாரும் அந்த மரத்துல ஏறித்தான் வளந்தோம். வீட்டை வித்துட்டோம். வாங்கினவங்க மரத்தை வெட்டிட்டாங்க. ரோட்டோரம் கிடந்த இந்த ஒரு கிளையை என் தம்பி எடுத்துட்டு வந்து ஷெட்ல ரெண்டு வருஷமா வெச்சிருந்தான். இதுதான் மிச்சம்."

அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இந்தக் கிறிஸ்துமஸ்தான் கடைசி என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஏழு பிள்ளைகளும் வரப் போகிறார்கள். அம்மா தன் கையால் ஆளுக்கொரு ஆப்பிள் மர உருண்டை கொடுக்க வேண்டும். அதுதான் ஆர்டர்.

முதலாளியம்மா என்னைப் பார்த்தார். பட்டறையிலேயே நல்ல கை என்று என்னிடம் கொடுத்தார். நான் கிளையை வாங்கித் தட்டிப் பார்த்தேன். கணீரென்று இருந்தது. இரண்டு வருஷம் ஷெட்டில் கிடந்த மரம், இதற்கு மேல் என்ன காய வேண்டும்? தராசுப் பக்கமே போகவில்லை. முதலாளியம்மா கேட்டபோது "எல்லாம் பார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டேன். இந்த இரண்டு சொல்லை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் தொழிலில் இதைவிட அதிக மரத்தை வீணாக்கிய சொல் கிடையாது.

ஏழு உருண்டை கடைந்தேன். தேன் நிறத்தில் சிவப்பு ஓடிய மரம். கூர்முனைகளை நன்றாகக் காய்ந்த வால்நட் மரத்தில் செய்து, ஓட்டைக்குள் தட்டி ஏற்றினேன். 'டொக்' என்று உட்கார்ந்தது. செப்டம்பரில் நியூஜெர்சி எவ்வளவு புழுக்கமாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பட்டறைக் கதவெல்லாம் திறந்துதான் கிடந்தது. பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கி அலமாரியில் ஏற்றிவிட்டேன். கிளையில் மிச்சம் இருந்தது தூளும் சுருளும்தான்.

நவம்பரில் குளிர் வந்தது. ஹீட்டரைப் போட்டார்கள். தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்காக நான்கு நாள் பட்டறையைப் பூட்டியிருந்தோம். திங்கட்கிழமை காலை, கரோலுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை துடைத்து வைக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். ஏழில் ஐந்து பிளந்திருந்தன. காம்பு இறங்கிய ஓட்டையிலிருந்து மேலே உச்சிவரைக்கும். ஆறாவதை வெளியே எடுத்தேன், கையில் இருக்கும்போதே 'டப்' என்று விரிந்தது. ஏழாவதும் இன்றோ நாளையோ என்றுதான் இருந்தது.

என்ன நடந்தது என்று ஒரு நொடியில் புரிந்துவிட்டது. உருண்டைக்குள் இருந்த ஈரம் ஹீட்டர் சூட்டில் போயிருக்கிறது, மரம் சுருங்கியிருக்கிறது. நடுவில் காய்ந்த வால்நட் காம்பு அசையாமல் நிற்கிறது. சுருங்க இடமில்லாமல் போனால் மரம் என்ன செய்யும்? வெடிக்கும். இரும்பைப் போல் நினைத்து நான் இறுக்கிய இறுக்குதான் அதை வெடிக்க வைத்தது. ஒரு தடவை எடை போட்டிருந்தால் போதும்.

அடுத்து நான் செய்ததைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. முதலாளியம்மா வர இன்னும் நேரமிருந்தது. பட்டறை மூலையில் எங்கள் சொந்த இருப்பில் ஆப்பிள் கட்டைகள் கிடந்தன. நன்றாகக் காய்ந்தவை, எடை எழுதியவை. ஆப்பிள் மரத்துக்கும் ஆப்பிள் மரத்துக்கும் யார் வித்தியாசம் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அன்று மதியத்துக்குள் ஏழு உருண்டை புதிதாகக் கடைந்து முடித்தேன். பழசைவிட அழகு. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியில் அடுக்கினேன். சீட்டு எழுத உட்கார்ந்தேன்.

'ஆப்பிள். எடிசனில் கரோல் குடும்பத்தின் வீட்டு வாசலில் நின்றது.' கீழே என் கையெழுத்து. முதல் சீட்டு எழுதினேன். இரண்டாவது எழுதினேன். மூன்றாவதில் 'வாசலில்' என்பதோடு பேனா நின்றுவிட்டது. நான் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. அங்கிள்களிடம் வேலைக்கு இன்டர்வியூ போனேன், அது வந்தது, இது வந்தது என்று அளந்தவன்தான். ஆனால் சாகப் போகிற ஓர் அம்மாள் இந்தச் சீட்டை வாசித்துவிட்டு உருண்டையைத் தடவுவார் என்று நினைத்ததும், கை மேலே போக மறுத்துவிட்டது.

மூன்று சீட்டையும் கிழித்துவிட்டு முதலாளியம்மாவிடம் போனேன். பிளந்த உருண்டை, புது உருண்டை, இரண்டையும் மேஜைமேல் வைத்தேன். எடை போடவில்லை என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் பிளந்ததை எடுத்துப் பார்த்தார். புதுசைத் தொடவே இல்லை. பிறகு மேஜை ஓரத்தில் இருந்த போனை என் பக்கம் தள்ளினார்.

"நீ உடைச்சே. நீதான் பேசணும்."

அந்தப் போனுக்காக நான் அவருக்கு ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். அவரே பேசிச் சமாளித்திருந்தால் என் பிழை அவர் கணக்கில் போயிருக்கும், நான் கற்றுக்கொண்டிருக்கவே மாட்டேன்.

கரோலிடம் சொன்னேன். மாற்று மரத்தில் செய்தேன், கொடுக்க இருந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.  

"உங்களை நம்பிக் கொடுத்தேனே" என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அந்த மரத்துல வேற துண்டு எங்கேயாவது இருக்குமா?" என்று கேட்டேன்.

"அந்த வீட்ல இருக்கறவங்களைத்தான் கேக்கணும். உங்க நாட்டுக்காரங்கதான்னு நினைக்கிறேன். நான் போக முடியாது. மரத்தை வெட்டின அன்னிக்கு வாசல்ல நின்னு அவங்களை என்னென்னவோ பேசிட்டேன். அந்தப் பொண்ணு இடுப்புல குழந்தையோட அப்படியே நின்னுச்சு. இப்ப நினைச்சா கூசுது."

விலாசத்தை வாங்கிக்கொண்டேன். என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி.

அந்தச் சனிக்கிழமை காலை போய் மணி அடித்தேன். கதவைத் திறந்தவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். என் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே கேட்டார்.

"சொல்லுங்கண்ணா, யாரு வேணும்?"

பெயர் மல்லிகா. கோபிச்செட்டிபாளையம் பக்கம். கணவர் சிவகுமார், சாப்ட்வேர் வேலை. நான் கோயம்புத்தூர் என்றதும் காபி கொடுக்காமல் விடுவார்களா? சோபாவில் உட்கார்த்திவிட்டார்கள். நான் ஆப்பிள் மரம் என்று ஆரம்பித்தேன். மல்லிகாவின் முகம் மாறிவிட்டது.

"அய்யோ அண்ணா, அத ஏன் கேக்கறீங்க. அந்த லேடி வந்து கத்துனாங்க பாருங்க, எனக்குக் கையும் ஓடலீங்க, காலும் ஓடலீங்க. அவங்க அழுதுக்கிட்டே பேசுனதுல பாதி எனக்குப் புரியவே இல்லீங்க. நம்ம வீட்டு மரத்த நம்ம வெட்டுனா இவங்களுக்கு என்னன்னுதான் நெனச்சேன்."

"எதுக்கும்மா வெட்டுனீங்க?"

சிவகுமார் தலையைச் சொறிந்தார். "எங்கப்பா ஊர்ல இருந்து போன் மேல போனுங்க. வாசலுக்கு நேரா மரம் நின்னா ஆகாது, வாஸ்து குத்தம், அதனாலதான் கிரீன் கார்டு இழுத்துக்கிட்டே போகுதுன்னு. வீடு வாங்கறப்ப போட்டோ அனுப்புனது தப்பாப் போச்சுங்க."

"மரம் போயி ரெண்டு வருசம் ஆச்சு. கிரீன் கார்டு வந்துச்சான்னு கேளுங்கண்ணா" என்றார் மல்லிகா.

நான் ஏழு பிள்ளைகளைப் பற்றியும் அந்த அம்மாவைப் பற்றியும் சொன்னேன். என் பிழையையும் சொன்னேன். கேட்கக் கேட்க மல்லிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்களுக்குத் தெரியாதுங்கண்ணா, சத்தியமாத் தெரியாதுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆனால் மரம் இல்லை. வெட்ட வந்தவர்கள் எல்லாவற்றையும் மெஷினில் போட்டு அரைத்து லாரியில் கொண்டுபோய்விட்டார்கள். வேரையும் தோண்டிவிட்டு, அந்த இடத்தில் புல் போட்டிருந்தார்கள். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். இதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை, கரோலிடம் போய்ச் சொல்ல வேண்டியதுதான்.

வாசல்வரை போனவன் நின்றேன். தரைக்கு அடியிலிருந்து மெல்லிய ஒரு சத்தம், கடகட கடகடவென்று. எங்கள் ஊர் மோட்டார் சத்தம் எனக்குத் தெரியாதா?

"கீழ கிரைண்டர் ஓடுதுங்களா?"

"ஆமாங்கண்ணா. பேஸ்மென்ட்ல இட்லிக்குப் போட்டிருக்கேன். கல்யாணத்துக்கு எங்கம்மா குடுத்ததுங்க. இந்த ஊர்க் கரண்டுக்கு ஓடாதுன்னு டிரான்ஸ்பார்மர் வெச்சு ஓட்டறோம்."

"சத்தம் இவ்வளவு கம்மியா இருக்குதே. சிமென்ட் தரையில ஓடுனா வீடே அதிருமே?"

"தரையில இல்லீங்க. நான் குனிய வேண்டாம்னு இவரு அத ஒரு கட்டை மேல…" என்று ஆரம்பித்த மல்லிகா நிறுத்திவிட்டார்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அடுத்த நிமிஷம் மூன்று பேரும் படியில் இறங்கிக்கொண்டிருந்தோம்.

அடிமரம். ஒன்றரை அடி உயரம், உரல் மாதிரி வட்டமாக. அதன் மேலே உட்கார்ந்து கிரைண்டர் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தது. வெட்டியவர்களிடம் சிவகுமார் இந்த ஒரு துண்டை மட்டும் கேட்டு வாங்கி வைத்தாராம். இரண்டு வருஷமாக மறந்தே போய்விட்டார்கள். நான் மண்டியிட்டுத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்திலேயே ஹீட்டர், இரண்டு குளிர்காலம் அதன் சூட்டில் இருந்த மரம். ஒரு பக்கம் வெளியிலிருந்து நடு நெஞ்சுவரை பிளவு விட்டிருந்தது. அது காய்ந்ததற்கு அடையாளம், பயமில்லை.

"எடுத்துக்குங்கண்ணா" என்றார் மல்லிகா.

"அப்ப கிரைண்டருக்கு?" என்று இழுத்தார் சிவகுமார்.

"தரையில வெச்சா அது அரைக்க மாட்டேங்குமா? நான் குனிஞ்சுக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா பத்து நிமிசம் பொறுங்கண்ணா. மாவு இன்னும் பொங்கி வர்ல."

பொறுத்தேன். அந்தப் பத்து நிமிஷம் போல என் வாழ்க்கையில் நீளமான பத்து நிமிஷம் கிடையாது.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று வாரம்தான். கட்டையில் பிளவை ஒதுக்கி அறுத்ததில் எட்டுத் துண்டு கிடைத்தது. பட்டறையில் எல்லோரும் "உடனே லேத்தில் ஏற்று, நாள் இல்லை" என்று முதுகில் தட்டினார்கள். நான் எட்டையும் தராசில் வைத்தேன். எழுதினேன். ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். இரண்டு நாள் கழித்து எடை. எழுதினேன். இன்னும் இரண்டு நாள். கிரைண்டர் தண்ணீர் சிந்திய மேல்பக்கத்துத் துண்டுகள் இரண்டில் மட்டும் எடை இறங்கிக்கொண்டிருந்தது. கை பரபரத்தது. தூக்கம் சரியாக இல்லை. சுமதி, "நீங்க பிரசவ வார்டு வாசல்ல நிக்கறவர் மாதிரி இருக்கீங்க" என்றாள். எட்டாம் நாள்தான் எட்டுத் துண்டிலும் எடை இறங்காமல் நின்றது. முதலாளியம்மா அந்தப் பக்கம் போகும்போது பென்சில் எழுத்துகளை ஒரு பார்வை பார்த்தார்.  காபி கொண்டுவந்து என் லேத்மேல் வைத்துவிட்டுப் போனார்.

அவசரத்தில் வேலை செய்வதும் ஒரு திறமைதான். ஆனால் அவசரத்தில் சும்மா இருக்கத் தெரிவதுதான் பெரிய திறமை. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பிளந்த ஆறு உருண்டைகள் சொல்லித்தந்தன.

கடைந்தேன். உளி பட்டதும் முதலில் வந்தது ஆப்பிள் வாசனை இல்லை, புளித்த உளுந்து மாவு வாசனை. பக்கத்து லேத்துக்காரர் மூக்கைச் சுளித்து "என்ன மரம் இது?" என்றார். "இட்லி மரம்" என்றேன். மேல்தோல் போனதும் அதே தேன் நிறம், அதே சிவப்பு ஓட்டம். இந்தத் தடவை காம்பை இறுக்கவில்லை. சுற்றிலும் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விட்டேன், இளக்கமான பசை வைத்தேன். மைக்ரோமீட்டரை வேட்டியிலேயே சுற்றி வைத்துவிட்டேன். சீட்டுகளை எழுதினேன். எட்டும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். பேனா எங்கேயும் நிற்கவில்லை.

கரோலுக்குப் போன் செய்து கதை முழுவதையும் சொன்னேன்.  "அம்மாகிட்டச் சொல்லிட்டுக் கூப்பிடறேன்" என்றார். அரை மணியில் கூப்பிட்டார்.

"அம்மா அந்த வீட்டுக்கு வரணுமாம். அந்தப் பொண்ணைப் பாக்கணுமாம்."

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, நல்ல வெயில், எலும்பு வரைக்கும் குளிர். கரோலின் கார் வந்து நின்றது. முன் சீட்டில் அவருடைய அம்மா, கம்பளியில் சுற்றிய குருவி மாதிரி. இறங்க முடியாது. கரோல் இறங்கி நேரே வாசலுக்குப் போனார். இரண்டு வருஷத்துக்கு முன் நின்று கத்திய அதே இடத்தில் நின்று சிவகுமாரிடம் மன்னிப்புக் கேட்டார். சிவகுமார் பதறிப்போய் அவரும் மன்னிப்புக் கேட்டார். இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மல்லிகா சேலைமேல் கணவருடைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ஹவாய் செருப்போடு காருக்கே ஓடினார். நான் பெட்டியோடு பின்னால் போனேன். அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டார். 

"உண்மையைச் சொல்லு. அந்த மரம் உங்களுக்கு இடைஞ்சலா இருந்துச்சா?"

மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னங்கண்ணா சொல்றது? வாஸ்துன்னு சொன்னா இவங்களுக்குப் புரியுங்களா?"

"உள்ளதைச் சொல்லும்மா" என்றேன். அந்த மாதத்தில் எனக்கு வேறு அறிவுரை எதுவும் தெரியாது.

மல்லிகா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "ஆமாங்க. இடைஞ்சலா இருந்துச்சு. ஸாரிங்க."

அந்த அம்மாள் எட்டி, வாசலில் நிற்கும் மகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும்தான். நாப்பது வருஷம் அழுகின ஆப்பிளைக் கூட்டிக் கூட்டி என் இடுப்பே போச்சு. குளவி வேற. வெட்டலாம்னு நான் எத்தனை தடவை நினைச்சேன் தெரியுமா? ஏழு பிள்ளைங்களும் அழும்னு விட்டுட்டேன். நீயாவது செஞ்சியே, தேங்க்ஸ். கரோல்கிட்டச் சொல்லிடாதே."

மல்லிகா முதலில் நம்பாமல் விழித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த அம்மாளும் சிரித்தார். சிரித்துச் சிரித்து இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். நான் பெட்டியை அந்த அம்மாள் மடியில் வைத்தேன். உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், தடவினார், சீட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஏழு வைத்துக்கொண்டார். எட்டாவதை எடுத்து மல்லிகாவின் கையில் வைத்து விரல்களை மூடினார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஏழு பிள்ளைகளும் வந்தார்கள். அம்மா தன் கையாலேயே கொடுத்தார் என்று கரோல் எழுதியிருந்தார். பிப்ரவரியில் அம்மா போய்விட்டார். அவர் சொன்னதை நானும் மல்லிகாவும் இத்தனை வருஷம் காப்பாற்றினோம். இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன், அந்த அம்மாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

என்னிடம் போனைத் தள்ளிய முதலாளியம்மாவுக்கும், குனிந்து மாவு அரைத்த மல்லிகாவுக்கும், உடைத்தேன் என்று சொன்னவனுக்கு விலாசம் கொடுத்த கரோலுக்கும் நான் பட்ட நன்றிக்கடனை உங்களுக்குத்தான் திருப்பிக் கொடுக்க முடியும். எடை போடுங்கள். உடைந்தால் நீங்களே பேசுங்கள்.

மல்லிகா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். எட்டாவது உருண்டை பேஸ்மென்ட்டில் கிரைண்டருக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. போன மாதம் போயிருந்தபோது எடுத்து வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இத்தனை குளிர்காலம் தாண்டியும் ஒரு விரிசல் இல்லை.